தோணிகளை அளந்து வரைய மாதிரிக் கப்பல் கட்டுபவர்களுக்கு வழிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலக் கைவினைப் பொழுதுபோக்குகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான பக்கத்தில், மரத்தால் மாதிரிக் கப்பல் கட்டும் கலையைப் பற்றியும் ஒரு வரி இடம்பெற்றிருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆனால், வரவேற்பறைக்கு அழகு சேர்க்கும் பொருள் என்ற அளவில் அந்த வரி நின்றுவிட்டது. பல ஆண்டுகளாக இந்த வேலையில் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில், அதற்கு மேல் சொல்லப்பட வேண்டியது ஒன்று உண்டு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். முறையாகக் கட்டப்பட்ட மாதிரிக் கப்பல், அலங்காரப் பொருளாவதற்கு முன்பே ஓர் ஆவணமாகிவிடுகிறது. நம் கடற்கரையில் எஞ்சியிருக்கும் மரத்தோணிகளுக்கு இன்று அவசரமாகத் தேவைப்படுவது அத்தகைய ஆவணம்தான்.

இந்த வேலையை அருகிலிருந்து பார்த்திராத வாசகர்களுக்காக அதன் நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரே மரக்கட்டையைக் கப்பல் வடிவில் செதுக்கி எடுப்பது ஒரு முறை. கடற்கரை ஊர்களில் சிறுவர்கள் செய்து மிதக்கவிடும் விளையாட்டுப் படகுகள் அவ்வகையைச் சேர்ந்தவை. எங்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது வேறு முறை. கப்பலின் நெடுக்குவெட்டு வடிவத்தைப் பிளைவுட்டில் அறுத்து நிறுத்தி, அதில் வெட்டிய பொளிகளில் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் செருகி, அந்தக் கூட்டின் மேல் மெல்லிய மரப்பட்டிகளை இரு பக்கமும் மாறி மாறி ஒட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் முடித்துவிட்டால் கூடு அந்தப் பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பிறகு அதை நேராக்க முடியாது. உண்மையான கப்பலைப் போலவே அடிமரமான ஏராவை இட்டு, விலா எலும்புகள் போன்ற வங்குகள் ஒவ்வொன்றையும் பல துண்டுகளாக அறுத்து இணைத்துக் கட்டுபவர்களும் உண்டு. அதற்குப் பெரும் பொறுமை வேண்டும்.

பலகை ஒட்டும் கட்டத்தில்தான் இந்த வேலையின் கணக்கு வெளிப்படுகிறது. மாதிரியின் நடுப்பகுதியில் மேல்விளிம்பிலிருந்து ஏரா வரை உடலின் வளைவை அளந்தால் 120 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. அகலமுள்ள 24 பட்டிகள் அந்த இடத்தை மூடிவிடும். ஆனால் கப்பலின் முன்பகுதியான அணியத்தருகே அதே அளவை எடுத்தால் 84 மி.மீ. தான் இருக்கும், அத்தனை பட்டிகளும் அங்கேயும் போய்ச் சேர வேண்டுமாதலால், ஒவ்வொரு பட்டியும் முன்முனையில் 3.5 மி.மீ. ஆகக் குறுகும்படி இழைக்கப்பட வேண்டும். இழைக்காமல் இழுத்து ஒட்டினால் பட்டியின் ஓரம் எழும்பி நிற்கும். எழும்பியதை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்ய முனைந்தால் அந்த இடத்தில் மரம் தேய்ந்து துளை விழும். பின்பகுதியான அமரத்தின் பக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான நிலை ஏற்படும்; அங்கே பட்டிகள் போதாமல் இடைவெளி விழும், அதைக் கூர்ந்த ஆப்பு வடிவத் துண்டுகளால் நிரப்ப வேண்டும். பட்டியை வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்பின் மேல் மெல்ல வளைத்து, காயவிட்டு, அதன் பிறகே ஒட்ட வேண்டும். உண்மைக் கப்பலின் பலகையை ஆவியில் இளக்கி வளைக்கும் கப்பல் தச்சர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் அனைத்தையும், அளவில் சுருங்கிய வடிவில், மேசை முன் அமர்ந்திருப்பவரும் எதிர்கொள்கிறார்.

கயிறு கட்டுவதும் அப்படியே. 1:64 என்ற அளவில், அதாவது உண்மைக் கப்பலின் 64-இல் ஒரு பங்காகக் கட்டும்போது, மாலுமிகள் கால்வைத்துப் பாய்மரம் ஏறுவதற்காக 15 அங்குல இடைவெளியில் கட்டப்பட்ட ஏணிக்கயிறுகள் மாதிரியில் 6 மி.மீ. இடைவெளியில் வர வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் இடுக்கியால் ஒரு முடிச்சு விழ வேண்டும். நூலின் பிசிறு அந்த அளவில் கயிற்றைக் கம்பளிபோல் காட்டிவிடுமாதலால், நூலைத் தேன்மெழுகில் இழுத்து வழவழப்பாக்கிய பின்பே பயன்படுத்துகிறோம்.

இத்தனையும் சரியாக அமைவதற்கு அடிப்படையானது வரைபடம். உலகெங்கும் மாதிரிக் கப்பல் கட்டுபவர்களில் பலர் பிரிட்டனின் விக்டரி, கட்டி சார்க் போன்ற கப்பல்களையே மீண்டும் மீண்டும் கட்டுவதற்கு அவற்றின் புகழ் மட்டும் காரணமன்று. 1765-இல் சாதம் தளத்தில் நீரில் இறக்கப்பட்ட விக்டரி இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் வரைபடங்களோ பெருந்தொகையாகக் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலேயே அந்நாட்டில் போர்க்கப்பல்களுக்குப் பெரும்பாலும் 1:48 அளவில் மாதிரிகள் செய்யப்பட்டன. உள்ளே வங்குகள் அமைந்த விதம் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றின் அடிப்பகுதிக்குப் பலகை அடிக்காமலே விட்டார்கள். அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை உடைக்கப்பட்டும் மூழ்கியும் போய்விட்டன. அவற்றின் அமைப்பை இன்று நமக்குச் சொல்பவை அந்த மாதிரிகளே.

அளவின்றி நினைவிலிருந்து செய்யப்படும் மாதிரி என்னாகும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்டு, நார்மன் கிராஸ் முகாமில் அடைக்கப்பட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், தங்களுக்கு உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் சேர்த்து வைத்து வியக்கத்தக்க நுட்பத்துடன் கப்பல்கள் செய்தார்கள். அவற்றைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆயினும் அவற்றில் பலவற்றில் பாய்மர உயரமும் உடலின் விகிதமும் உண்மையோடு பொருந்துவதில்லை. அவற்றை வைத்து ஒரு கப்பலை அறிந்துகொள்ள இயலாது.

வரைபடத்தின் வலிமைக்கு நம் பெயரைத் தாங்கிய ஒரு கப்பலே எடுத்துக்காட்டாக இருக்கிறது. போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிப்போனதால், பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கப்பல் தளத்தில் மலபார் தேக்கால் கட்டப்பட்டு, 1817 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயரைச் சூட்டி டிரின்கோமலி என்று அழைத்தார்கள். அதன் வரைபடங்களை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பல் 1812-இன் இறுதியில் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிட்யூஷனிடம் தோற்று அழிந்தது. மறுபடி வரைபடங்கள் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. டிரின்கோமலி இங்கிலாந்தின் ஹார்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. பம்பாய்த் தச்சர்கள் கட்டிய அந்தத் தேக்குக் கப்பலை, அதன் வரைபடத்தை வாங்கி, எந்த நாட்டில் இருப்பவரும் இன்று தம் வீட்டில் கட்டலாம்.

தூத்துக்குடித் தோணியை அப்படிக் கட்ட முடியுமா? 1974-இல் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை, ஆழம் குறைந்த இக்கரையை நெருங்க இயலாமல் கடலில் மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துச் சென்றவையும் அவைதாம். இப்போது இயந்திரம் பொருத்தப்பட்டு மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் சில தோணிகள் இருக்கின்றன, பாய்மரம் துணைக்கருவியாகிவிட்டது. இத்தோணிகளைக் கட்டிய ஓடாவிகள் தாளில் வரைந்து கட்டியவர்கள் அல்லர். ஏராவின் நீளத்தை முடிவு செய்துவிட்டால் மற்ற அளவுகள் அனைத்தும் அவர்களுடைய மனக்கணக்கில் வந்து அமையும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த வங்குக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடும் மேஸ்திரிகளை நான் கண்டிருக்கிறேன். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்துப் பார்ப்பதிலும், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசும் பக்குவத்திலும் அவர்களுக்கு நிகரானவர் இல்லை. இந்த அறிவு முழுவதும் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சென்றதே தவிர, ஏட்டில் ஏறியதில்லை. வாங்கிக்கொள்ளும் கை இல்லாமல் போனால் அது அந்த மேஸ்திரியோடு போய்விடும். தோணி ஒன்றின் முழுமையான வரைபடத்தைத் தேடி நான் அலைந்த இடங்களிலெல்லாம் கிடைத்தவை புகைப்படங்களே. புகைப்படத்திலிருந்து நீருக்குக் கீழுள்ள உடலின் வளைவை அறிய வழியில்லை. ஒரு மரக்கலத்தின் குணத்தைத் தீர்மானிப்பதோ அந்த வளைவுதான்.

இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பதை வல்வெட்டித்துறையின் அன்னபூரணி உணர்த்துகிறது. யாழ்ப்பாணக் கரையில் அவ்வூர் மேஸ்திரியார்கள் வேப்பமரத்தால் 1930-இல் கட்டிய 89 அடி நீளமுள்ள அந்தப் பாய்க்கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திச் சென்றார்கள். சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் கடந்து 1938 ஆகஸ்ட் 1-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது. அடிக்குக் கால் அங்குலம் என்ற 1:48 அளவில் கட்டினால் அதன் உடல் 22¼ அங்குலம் வரும். ஒரு சாதாரண மேசையில் அடங்கிவிடும். தமிழர் கையால் உருவாகிப் பெருங்கடல் கடந்த அந்தக் கப்பலின் மாதிரி, தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் எல்லாம் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பெட்டியில் வரும் பாகங்களைக் கொண்டு, நமக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத கப்பல்களை நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெட்டிகளைக் குறை சொல்லவில்லை. தொழிலைக் கற்பதற்கு அவை நல்ல பாடநூல்கள். கற்ற பிறகும் அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நம் மரக்கலங்களின் அருமையை வெளியிலிருந்து வந்தவர்கள் முன்பே உணர்ந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எட்மண்ட் பாரிஸ், 1820-களிலும் 1830-களிலும் உலகைச் சுற்றிய கப்பல்களில் பணியாற்றியபோது, தொட்ட கரைகளிலெல்லாம் அங்குள்ள படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கும்படி பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்கும் அவருடைய வரைபடங்களில் உள்ளன. 1871-இல் பாரிஸ் நகரின் லூவர் மாளிகையில் இயங்கிய கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்ற பின், தாம் எடுத்த அளவுகளைக் கொண்டு அந்தப் படகுகளுக்கு மாதிரிகள் செய்வித்தார். பின்னாளில் மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து 1920-இல் எழுதினார். இவர்கள் ஆவணப்படுத்தியிராவிட்டால் பல படகு வகைகளைப் பற்றி இன்று நாம் பேசுவதே கடினம். மரக் கட்டுமரங்கள் பெருமளவில் கண்ணாடியிழைப் படகுகளுக்கு இடம்விட்டது, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் எவ்வளவு விரைவாக நடந்தது என்பதைக் கடற்கரைவாசிகள் அறிவார்கள்.

வரைபடம் இல்லாமல் போனதை மீட்பது எவ்வளவு பெரும் வேலை என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. அஜந்தா ஓவியத்தில் காணப்படும் 5-ஆம் நூற்றாண்டுக் கப்பலை ஒட்டி, பலகைகளைக் கயிற்றால் தைத்து, கேரளத் தச்சர்களின் கைத்திறனால் உருவான கவுண்டின்யா, 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஓவியத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லாததால் அதன் உடலமைப்பைப் புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. நீரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையினர் மாதிரியைக் கொண்டு சோதனை நடத்தினார்கள். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய கப்பலுக்கு வேறு வழியில்லை என்பது புரிகிறது. கண்முன்னே நிற்கும் தோணிக்கும் நாளை அதே கதி நேர வேண்டியதில்லை.

தோணியை அளப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. தோணி கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கும்போது, ஏராவின் நேர்கோட்டில் தரையில் ஒரு நூலைக் கட்டி, அந்நூலை ஒரு மீட்டருக்கு ஒன்றாகப் பிரித்துக் குறியிட வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் நேரே, தோணியின் பக்கவாட்டில் செங்குத்துக் கம்பம் ஒன்றைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, கம்பத்தில் 20 செ.மீ.க்கு ஓர் இடமாக, ரசமட்டம் வைத்த அளவுகோலால் உடல் வரை உள்ள கிடைத்தூரத்தை எடுக்க வேண்டும். இவ்வளவுகளை அட்டவணையாக எழுதினால், அதிலிருந்து குறுக்குவெட்டு வடிவங்கள் அனைத்தையும் வீட்டில் அமர்ந்து வரைந்துவிடலாம். நாங்கள் பிளைவுட்டில் அறுக்கும் குறுக்குச் சட்டங்களின் வடிவம் அதுவே. இரு பக்கமும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனெனில் கண்ணளவில் கட்டப்பட்ட கலத்தில் இடமும் வலமும் துல்லியமாக ஒத்திருப்பதில்லை. அந்த வேறுபாட்டையும் திருத்தாமல் அப்படியே பதிவு செய்வதுதான் நேர்மை. வங்குகளின் தடிமன், பலகைகளின் அகலம், ஆணிகள் அடித்த வரிசை, சுக்கான் தொங்கும் முறை ஆகியவற்றை உள்ளேயும் வெளியேயும் குறித்துக்கொள்ள வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்தால் சில நாள்களில் முடியும். கட்டிய மேஸ்திரி உடனிருந்து, ஒவ்வொரு உறுப்பும் ஏன் அப்படி அமைந்தது என்று சொல்ல, அதை ஒருவர் எழுதிக்கொள்வாரானால் அந்த வரைபடத்தின் மதிப்பு பன்மடங்காகும்.

மாதிரி கட்டுவதற்கான பொருள்களும் இங்கேயே உள்ளன. ஐரோப்பியர்கள் பேரிக்காய் மரத்தையும் பாக்ஸ் மரத்தையும் விரும்புவது அவற்றின் ரேகை நுண்மையாக இருப்பதால்தான். பெரிய கப்பலுக்கு அரசனாக விளங்கும் தேக்கு, அதன் தடித்த ரேகையால் சிறிய அளவுக்குப் பொருந்துவதில்லை. மஞ்சக்கடம்பும், கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலையும் அந்த வேலைக்கு நன்றாகவே உகந்தவை. மரக்கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளே ஒரு மாதிரிக்குப் போதும். கூரிய கத்தி, சிறு இழைப்புளி, அரம், உப்புத்தாள், இடுக்கி, ஃபெவிகால் ஆகியவற்றுக்கு மேல் தொடக்கத்தில் எதுவும் வேண்டாம். கத்தியைக் கையாளும் வயது வந்த எந்த மாணவரும் கற்றுக்கொள்ளலாம். பின்னங்களையும் விகிதங்களையும் கண்டு அஞ்சும் பிள்ளைகள், ஒரு பட்டியை இழைத்துப் பொருத்தும்போது அவற்றைத் தாமாகவே கையாள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் பிழைப்புக்கும் இடமுண்டு. மொரீசியஸ் தீவில் மாதிரிக் கப்பல் பட்டறைகள் பல குடும்பங்களுக்கு வேலை தந்திருக்கின்றன. கேரளத்தின் பேப்பூரில் ‘உரு’ எனப்படும் மரக்கப்பல்களின் சிற்றுருவங்களைச் செய்து விற்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். தோணி கட்டும் வேலை குறைந்துபோன ஓடாவிகளின் பிள்ளைகளுக்கு இது பொருத்தமான தொழில். ஆனால் சரியான வரைபடம் கையில் இருந்தால்தான் அவர்கள் செய்யும் பொருள் மலிவான பொம்மை என்ற நிலையிலிருந்து உயரும்.

ஆகவே தோணி உரிமையாளர்களையும் துறைமுகம், அருங்காட்சியகம் சார்ந்த அதிகாரிகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இதுதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் கடலுக்குச் செல்வதில்லை. பழுதுபார்க்கும் பணிகள் அப்போதுதான் நடக்கின்றன. அந்நாள்களில் கரையேற்றப்படும் தோணிகளை அளப்பதற்கு எங்களுக்கு அனுமதி தாருங்கள். துறைமுகப் பகுதிக்குள் கருவிகளோடு நுழைவதற்கான எழுத்துவழி அனுமதியை, ஒவ்வொரு முறையும் வாயிலில் நின்று கேட்கும்படி வைக்காமல், பருவம் முழுமைக்கும் ஒரே ஆணையாக வழங்கலாம். உடைப்பதற்கென்று முடிவான தோணி இருந்தால், உடைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தாலே போதும். உடைக்கும்போது வெளிப்படும் உள்ளமைப்பையும் வரைந்துகொள்வோம். அளவுநாடா, தூக்குக்குண்டு, ரசமட்டம், வரைதாள் அனைத்தையும் நாங்களே கொண்டுவருகிறோம். எவரிடமும் பணம் கேட்கவில்லை. முடித்த வரைபடத்தின் ஒரு படியைத் தோணியின் உரிமையாளருக்கும், ஒரு படியை அதைக் கட்டிய மேஸ்திரியின் குடும்பத்துக்கும், ஒரு படியை அரசு அருங்காட்சியகத்துக்கும் இலவசமாகத் தருவோம். அதைக் கொண்டு கட்டும் முதல் மாதிரியை மாவட்ட மைய நூலகம் ஏற்றுக்கொள்ளுமானால் அங்கேயே ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி.